மாதாவுக்குக் கொடுத்த வருஷம்

தெருவே சந்தோஷப்பட்ட ஒரு செய்தியைக் கேட்டு, பெற்றவளுக்கு மட்டும் உள்ளங்கால் வரைக்கும் சில்லிட்டுப் போனது.

விருத்தாசலம் செராமிக் பேட்டையில் ஒரு சின்னக் கம்பெனியில் அருள்மேரிக்குப் பிசிறு எடுக்கும் வேலை. அச்சிலிருந்து எடுத்த பச்சைமண் பொம்மைகளைச் சூளைக்கு அனுப்புவதற்கு முன்னால், ஓரங்களில் நீட்டிக்கொண்டிருக்கும் துணுக்குகளைச் சின்னக் கத்தியால் சீவி, ஈர ஸ்பாஞ்சால் தடவி வழவழப்பாக்க வேண்டும். கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து அதே பலகை, அதே மூலை. அன்றைக்கு அவள் கையில் இருந்தது ஒரு மயில். ஓட்டமும் நடையுமாக வந்த மகள் ஃப்ளோரா கொட்டகை வாசலில் நின்றபடியே கத்தினாள்.

“அம்மா! கெடச்சிடுச்சும்மா! அக்ரி சீட்டு! சிதம்பரத்துல!”

மயிலின் கழுத்து அருள்மேரியின் விரலுக்குள் பொட்டென்று ஒடிந்தது.

பக்கத்துப் பலகை கனகா எழுந்து வந்து ஃப்ளோராவின் கன்னத்தை மண் கையாலேயே கிள்ளினாள். “ஏ மேரி! ஒம்பொண்ணு வெவசாய ஆபீசராவப் போறா. நீ என்னாடி எழவு வூட்ல ஒக்காந்த மாதிரி ஒக்காந்திருக்குற?”

அருள்மேரி சிரித்தாள். வாய்தான் சிரித்தது.  அங்கே இருந்த பெண்கள் எல்லோருக்கும் ஒரு நொடி கழித்து ஞாபகம் வந்துவிட்டது. கனகாவின் கை கன்னத்திலிருந்து மெல்ல இறங்கியது.

“அய்யய்யோ,” என்றாள் கனகா. “இது மாதா வருஷமில்ல?”

ஆம். அது மாதா வருஷம்.

ஃப்ளோராவுக்கு ஆறு வயதில் மூளைக் காய்ச்சல் வந்தது. பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரியில் குழந்தை கண் திறக்காமல் கிடந்தாள். “இனிமே எங்க கையில எதுவும் இல்லம்மா” என்று டாக்டர் சொல்லிவிட்டு நகர்ந்ததும், அருள்மேரி நடைபாதையில் அப்படியே மண்டியிட்டாள். கோணாங்குப்பம் மாதா கோயில் எந்தத் திசையில் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. எதிரே இருந்த வெறும் சுவரைப் பார்த்துக் கதறினாள். “பெரியநாயகித் தாயே! எம்புள்ளையைத் திருப்பிக் குடுத்துடு! அவ ஸ்கூலு முடிச்சதும் ஒரு வருஷம் ஒனக்கே குடுத்துடறேன். அநாதப் புள்ளைங்களுக்கு ஊழியம் செய்ய வுட்டுடறேன்!”

மறுநாள் காலையில் குழந்தை கண் திறந்து தண்ணீர் கேட்டது.

வேதக்காரர்கள் இதைப் பொருத்தனை என்பார்கள். சிலர் மொட்டை போடுவார்கள். சிலர் ஆளுயர மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். அருள்மேரி ஒரு வருஷத்தை நேர்ந்துகொண்டாள். நேர்ந்ததோடு நிற்காமல், குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஊர் திரும்பியதும் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று அதைச் சொன்னாள். நன்றி தாங்காமல் சொன்னாள். பங்குக் கோயிலைச் சேர்ந்த ஜனம் முழுக்க அதற்குச் சாட்சி ஆகிவிட்டது.

ஃப்ளோராவும் அதோடுதான் வளர்ந்தாள். பிளஸ் டூ முடித்தால் மாதா வருஷம், அப்புறம் காலேஜ். அவளுக்கு அதில் எந்த முணுமுணுப்பும் இருந்ததில்லை. ஆகஸ்ட் பதினைந்து, மாதாவின் விண்ணேற்புத் திருநாளன்று, மங்கலம்பேட்டை சாலையில் இருக்கும் சிஸ்டர்கள் நடத்தும் அநாதைப் பிள்ளைகள் இல்லத்துக்குப் போவது என்று சிஸ்டர் ரீட்டாவிடம் பேசியும் வைத்திருந்தாள். குழந்தைகளுக்கு என்ன பாட்டு, என்ன விளையாட்டு என்றுகூட யோசித்து வைத்திருந்தாள்.

இடையில் புகுந்தது பள்ளிக்கூடத்துப் பூர்ணிமா டீச்சரின் யோசனை. “அடுத்த வருஷந்தான் படிக்கப் போறன்னாலும் இந்த வருஷமே அப்ளிகேஷன் போட்டுடுடி. சீட்டு கெடச்சா, ஒரு வருஷம் நிறுத்தி வைப்பாங்களான்னு கேட்டுப் பாக்கலாம். வெளிநாட்டுல எல்லாம் அப்பிடித்தான் செய்யறாங்களாம்.”

அருள்மேரி அதற்குத் தலையாட்டினாள். பேட்டைத் தெருவிலிருந்து எந்தப் பிள்ளைக்கும் அப்படி ஒரு சீட்டு கிடைத்ததில்லை. கிடைத்தால்தானே தொல்லை என்று நினைத்தாள். இப்போது கிடைத்தேவிட்டது. வருகிற திங்கட்கிழமைக்குள் போய்ச் சேர வேண்டுமாம்.

தாயும் மகளும் புதன்கிழமை சிதம்பரம் போனார்கள். பல்கலைக்கழக அலுவலகத்தில் அவர்களுக்கு முன்னால் நீண்ட வரிசை. அவர்கள் முறை வந்தபோது, மேசைக்குப் பின்னால் ராஜமாணிக்கம் என்று பெயர்ப்பட்டை குத்திக்கொண்டிருந்த எழுத்தர் நெற்றி நிறைய விபூதியோடு நிமிர்ந்து பார்த்தார். ஃப்ளோரா டீச்சர் சொல்லிக்கொடுத்தபடியே பணிவாகக் கேட்டாள்.

“ஒரு வருஷமா?” ராஜமாணிக்கம் பேனாவைக் கீழே வைத்தார். “இது என்னாம்மா, டவுன் பஸ்ஸு சீட்டா? ஜன்னல் வழியா துண்டைப் போட்டு வச்சிட்டு, டீ குடிச்சிட்டு வந்து ஒக்கார்றதுக்கு?”

வரிசை முழுக்கச் சிரித்தது. ஃப்ளோராவும் கொஞ்சம் சிரித்துவிட்டாள்.

“அப்பிடின்னா சார், அடுத்த வருஷம் திரும்ப அப்ளை பண்ணலாங்களா?”

“பண்ணு. யாரு வேணான்னா? ஆனா அடுத்த வருஷம் மார்க்கு எங்க போய் நிக்கும்னு எனக்கும் தெரியாது, ஒனக்கும் தெரியாது. இந்த வருஷமே ஒம்பேரு கடைசியில ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. திங்கக்கிழமை சாயங்காலத்துக்குள்ள வரலேன்னா அடுத்த ஆளைக் கூப்புட்டுடுவோம்.” அவர் அருள்மேரி பக்கம் திரும்பினார். “ஏம்மா, எதுக்கு ஒரு வருஷம்? கல்யாணம் கில்யாணம் பண்ணி வைக்கப் போறியா?”

“இல்லீங்க. பொருத்தனைங்க. புள்ளை சாவக் கெடந்தப்ப மாதாவுக்கு நேர்ந்துக்கிட்டதுங்க.”

ராஜமாணிக்கத்தின் முகத்திலிருந்த கேலி போன இடம் தெரியவில்லை. மேசையில் கிடந்த ஃப்ளோராவின் அட்மிஷன் அட்டையை ஒரு விரலால் அவர்கள் பக்கமாக மெல்லத் தள்ளினார்.

“சாமி காரியமா?” என்றார் தாழ்ந்த குரலில். “அதுல நான் ஒண்ணும் சொல்லக் கூடாது. யோசிச்சுச் செய்யுங்க.”

வேறு சாமியைக் கும்பிடுகிற மனிதர். அவரே பயப்படுகிறார். அவர் திட்டியிருந்தால்கூட அருள்மேரிக்குத் தேவலாம் என்றிருந்திருக்கும். அந்த ஒற்றை விரல் அட்டையைத் தள்ளிய விதம் அவள் ஈரக்குலையைப் பிடித்து உலுக்கியது.

திரும்பும்போது சேத்தியாத்தோப்பைத் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. பஸ்ஸின் ஜன்னல் தகடு இறங்கவில்லை. அட்டை நனையாமல் இருக்க ஃப்ளோரா அதைத் தாவணிக்குள் பொத்திக்கொண்டாள். அவள் நனைந்தாள்.

வீட்டில் அருளானந்தம் காத்திருந்தான். பெண்ணாடம் மில்லுக்குக் கரும்பு லாரி ஓட்டுகிறவன். பெண்டாட்டி சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, “இதுல என்னா இருக்குது மேரி? அவ படிச்சு முடிக்கட்டும். அப்புறம் ஒரு வருஷம் போவட்டும். மாதா எங்கியும் ஓடிடப் போறதில்ல” என்றான்.

“ஸ்கூலு முடிச்சதும்னு சொன்னேங்க. என் வாயால சொன்னேன். காலேஜு முடிச்சின்னு சொல்லல.”

“அன்னைக்கு நீ அழுதுக்கிட்டே பேசுன. எல்லாத்தையும் கணக்கா பேச முடியுமா?”

“அவங்க கணக்காத்தானே உசுரு குடுத்தாங்க?”

அருளானந்தம் துண்டை உதறித் தோளில் போட்டான். “நாளைக்குச் சாமியாரைப் போயி பாரு” என்று மட்டும் சொன்னான்.

பங்குச் சாமியார் நல்லவர், இளவயது, சிரித்த முகம். “தோத்திரம் சாமி” என்று கைகுவித்தவளை உட்காரச் சொல்லிவிட்டுப் பொறுமையாகக் கேட்டார்.

“மேரி, மாதா என்ன போலீசா, வாரண்டு எடுத்துக்கிட்டு வர? நீ பயந்து நேர்ந்துக்கிட்டது. நான் மாத்திக் குடுக்கறேன். அதுக்கு வழி இருக்குது. நாலு செபமாலை சொல்லு. ஏழைங்களுக்கு ஒரு வேளை சோறு போடு. புள்ளை நிம்மதியா படிக்கட்டும்.”

“நாலு செபமாலைங்களா சாமி?”

“ஏன், பத்தாதா?”

பத்தாது என்று சொல்லாமல் கும்பிட்டுவிட்டு எழுந்தாள். ஆனால் வழி நெடுக அவள் மனசில் அதுவே ஓடியது. ஓர் உயிருக்கு நாலு செபமாலையா? அன்றைக்கு அந்த நடைபாதையில் சாமியார் இருக்கவில்லை. டாக்டர் நகர்ந்துபோன செருப்புச் சத்தத்தை அவர் கேட்கவில்லை. பிள்ளை பெறாத மனிதருக்கு எப்படிப் புரியும்? இப்படி நினைப்பதே பாவமோ என்று பயந்து, மணிமுத்தாற்றுப் பாலத்தின் மேல் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

வீட்டுக்குள் நுழைந்தபோது ஃப்ளோரா பாயில் சுருண்டு கிடந்தாள். நெற்றியைத் தொட்ட கையை அருள்மேரி வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். அனலாகக் கொதித்தது.

வந்துவிட்டாள்! உயிரைக் கொடுத்தவள் கேட்டு வந்துவிட்டாள்!

அருள்மேரி மண்டியிட்டாள். மறுபடியும் ஒரு வெறும் சுவர், மறுபடியும் கொதிக்கிற பிள்ளை. “வேணாம் தாயே, அனுப்ப மாட்டேன், அனுப்ப மாட்டேன்” என்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள். அருளானந்தம் மகளை டாக்டரிடம் தூக்கிப்போனான். மழையில் நனைந்த காய்ச்சல்தான் என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். ரத்தம் எடுத்துப் பார்த்தும் ஒன்றுமில்லை என்றார்கள். அருள்மேரி காதில் எதுவும் ஏறவில்லை.

மறுநாள் காய்ச்சல் கொஞ்சம் தணிந்திருந்தது. கஞ்சி ஊட்டும்போது அருள்மேரி சொன்னாள். “சிதம்பரம் வேணாம் கண்ணு.”

“மழையில நனைஞ்சேம்மா. டாக்டரு மாத்திரை குடுத்துட்டாரு.”

“அன்னைக்கும் முதல்ல மாத்திரைதான் குடுத்தாங்க.”

ஃப்ளோரா கஞ்சியை ஒதுக்கிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். தோள் குலுங்கியது. அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத பெண். அருள்மேரி அந்தத் தோளைத் தொடவும் பயந்து உட்கார்ந்திருந்தாள். கஞ்சி ஆறி ஆடை படிந்த பிறகுதான் ஃப்ளோரா பேசினாள்.

“அம்மா, அன்னைக்கு எனக்கு ஆறு வயசு.”

“ஆமாம் கண்ணு.”

“நெனவு இருந்துச்சா எனக்கு?”

“இல்லியே. கட்டை மாதிரி கெடந்தியே.”

“அப்ப, என்னை யாரு கேட்டா?”

அருள்மேரி கரண்டியை ஆறிய கஞ்சிக்குள் போட்டாள்.

“கோவத்துல சொல்லலம்மா,” என்று ஃப்ளோரா திரும்பினாள். கண் சிவந்திருந்தது. “போன்னு சொன்னா இப்பவும் போறேன். சீட்டு போனா போவட்டும். ஒரே ஒண்ணு சொல்லு. நீ மாதாவுக்கு என்னா குடுத்த? ஒன்னோடத குடுத்தியா? என்னோடத எடுத்துல்ல குடுத்துட்ட.”

எந்தச் சாமியாரும் அவளிடம் இப்படிப் பேசியதில்லை. இத்தனை வருஷமும் தன்னைப் போல் தியாகம் செய்த தாய் இந்தப் பங்கில் உண்டா என்று அருள்மேரி உள்ளூரக் கொஞ்சம் பெருமைப்பட்டதுண்டு. அந்தப் பெருமை அந்த நொடியில் கருகிப்போனது. தான் கைநீட்டிக் கொடுத்த அந்த வருஷத்தில் தன்னுடையது என்று ஒரு நாள் உண்டா? ஒரு வேளைப் பசி உண்டா?

சனிக்கிழமை மதியம் கோணாங்குப்பம் கோயிலில் கூட்டம் இல்லை. பெரியநாயகி மாதா பட்டுச்சேலையில், கையில் குழந்தையோடு நின்றிருந்தாள். எப்போதும் முன்வரிசைக்குப் போகிற அருள்மேரி அன்றைக்குத் தூணோரமாகவே நின்றாள். பக்கத்தில் போகப் பயம். மெழுகுவர்த்தி ஏற்றும்போது தீக்குச்சி திரும்பத் திரும்ப அணைந்தது. ஒவ்வொரு தடவை அணையும்போதும், ‘மாட்டேன்’ என்று யாரோ சொல்வதுபோல் இருந்தது. கடைசியில் பற்றிக்கொண்டது.

“தாயே,” என்று ஆரம்பித்தாள்.  “நான் தப்பாப் பேசிட்டேன். அந்தப் புள்ளை ஒங்கிட்ட ஒண்ணும் கேக்கல. கேட்டவ நானு. எனக்குத்தான் அவ வேணும், அவ இல்லாம நான் இருக்க மாட்டேன்னு கேட்டேன். கேட்டவதானே குடுக்கணும்? என்னை எடுத்துக்க. என் வருஷத்த எடுத்துக்க. அந்தப் புள்ளைங்களுக்கு சோறாக்கிப் போடறேன். பீத்துணி தொவைக்கிறேன். அவள வுட்டுடு. ஒன் இடுப்புலயும் ஒரு புள்ளை இருக்குது, ஒனக்குத் தெரியாததா?”

மாதா பேசவில்லை. மணி அடிக்கவில்லை, பூ விழவில்லை. வாசலில் ஒரு ஆடு கத்திக்கொண்டிருந்தது. மனசு லேசாகும் என்று நம்பி வந்தவளுக்கு, வந்தபோது இருந்த பயம் வந்தபடியே இருந்தது. ஒத்துக்கொண்டாளா, கோபித்துக்கொண்டாளா, எதுவும் தெரியாமலேயே அவள் எழுந்து பஸ் ஏறினாள்.

இல்லத்துச் சிஸ்டர் ரீட்டா கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு அவளை மேலும் கீழும் பார்த்தார். “ஃப்ளோரா வந்தா புள்ளைங்களுக்குப் பாடம் சொல்லிக் குடுப்பான்னு இருந்தேன். நீ என்னா செய்வே?”

“சமைப்பேன் சிஸ்டர். தொவைப்பேன். தலை வாரிப் பேன் பாப்பேன்.”

“எங்க புள்ளைங்களுக்குப் பேன் பாத்து முடிக்க ஒரு வருஷம் பத்தாதே!” என்று சிரித்த சிஸ்டர், அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். “சரி, ஆகஸ்டு திருநாளுக்கு வா.”

“இல்ல சிஸ்டர். திங்கக்கிழமையே வரேன். அவ சிதம்பரம் பஸ்ஸு ஏறுற நேரத்துக்கு நான் இங்க வர்ற பஸ்ஸுல ஏறிடணும். நடுவுல ஒரு நாள் சும்மா வுட எனக்குத் தைரியம் இல்ல.”

சிஸ்டர் நோட்டை எடுத்து, ஃப்ளோராவின் பெயரை அடித்துவிட்டு அருள்மேரி என்று எழுதினார்.

வழியிலேயே கம்பெனிக்குப் போய்ச் சொன்னாள். முதலாளி சக்கரபாணி தலையைச் சொறிந்தார். “ஒரு வருஷமா? ஒன் எடத்த அதுவரைக்கும் காலியா வைக்க முடியாது மேரி. வரும்போது ஆளு தேவைப்பட்டா பாக்கலாம்.” அவள் தன் பலகையை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். இடம் போவது மகளுக்கு நேர இருந்தது, இப்போது தனக்கு நேர்ந்தது. நேரட்டும். கனகாதான் ஸ்பாஞ்சை வீசி எறிந்துவிட்டுக் கத்தினாள். “பைத்தியமாடி நீ? சாமியாரே வுட்டுட்டாரு. நீயே போயி தலைய குடுக்குற!”

“அவரு வுட்டுட்டாரு,” என்றாள் அருள்மேரி. “எனக்குப் பயம் வுடலியே.”

வீட்டில் அருளானந்தம் பீடியை உருட்டிக்கொண்டிருந்தான். இனி அருள்மேரி ஞாயிறு சாயங்காலம் மட்டும் வந்துபோவாள், மற்ற நாளெல்லாம் இல்லத்திலேயே. அவன் கத்துவான் என்று பயந்தாள். அவன் கத்தவில்லை.

“மில்லு வாசல்ல ஓட்டலு இருக்குது. மத்தியானத்துக்குப் பரவால்ல,” என்றான். கொஞ்சம் கழித்து, “ரசம் எப்பிடி வைக்கிறதுன்னு மட்டும் சொல்லிட்டுப் போ” என்றான். சொல்லிவிட்டு முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டே வெளியே போய்விட்டான்.

இதைக் கேட்டதும் ஃப்ளோராதான் மிரண்டாள். “நான் அதுக்காவ சொல்லலம்மா! நீ போவணும்னு நான் சொல்லல!” என்று அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டாள். அருள்மேரி அவளைத் தூக்கி நிறுத்தினாள். “நீ சொன்னது நெசம் கண்ணு. நெசத்தை யாரு சொன்னா என்னா?”

திங்கட்கிழமை காலை. பஸ் ஸ்டாண்டில் சிதம்பரம் வண்டி உறுமிக்கொண்டு நின்றது. காய்ச்சல் விட்டுப்போன முகம் இன்னும் வெளுத்திருக்க, ஃப்ளோரா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். கொண்டுபோய்ச் சேர்க்கப்போகும் அருளானந்தம் தகரப் பெட்டியை ஏற்றிக்கொண்டிருந்தான். அருள்மேரி கீழே நின்றாள். அவள் கையில் மாற்றுச்சேலை வைத்த ஒரு மஞ்சள் பை. அவளுடைய மங்கலம்பேட்டை வண்டி எதிர்ப்பக்கம் புறப்படத் தயாராக இருந்தது.

ஃப்ளோரா குனிந்து மெதுவாகக் கேட்டாள். “அம்மா, மாதா ஒத்துக்கிட்டாங்களா?”

“தெரியல கண்ணு.”

“எப்பத் தெரியும்?”

“ஒரு வருஷம் கழிச்சி நீ இதே மாதிரி எம்முன்னால நின்னாத்தான் தெரியும்.”

 ஃப்ளோரா ஜன்னல் கம்பி வழியாகக் கையை நீட்டி அம்மாவின் விரல்களைப் பிடித்தாள். 

“எனக்கும் பயமா இருக்குதும்மா.”

அருள்மேரி பை தொங்கிய கையாலேயே எக்கி மகளின் நெற்றியைத் தொட்டாள். “எதுக்குடி? உடம்பு என்னா செய்யுது?”

“உடம்பு இல்லம்மா. அங்க எல்லாப் பாடமும் இங்கிலீஷுல நடத்துவாங்களாம். எவளாவது எதாவது கேட்டா நான் என்னா பதில் சொல்லுவேன்? ஹாஸ்டல்ல பாத்ரூம் எங்க இருக்குதுன்னுகூட எப்பிடிக் கேப்பேன்?”

பத்துப் பன்னிரண்டு வருஷமாக மகளின் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து வாழ்ந்த அந்தத் தாய், வாயைத் திறந்தபடி அவளையே பார்த்தாள். இங்கிலீஷு! பாத்ரூமு! இவ்வளவுதானா? இது சின்னப் பயம். நாளைக்கு எழுந்திருப்போம், நாளன்றைக்கும் எழுந்திருப்போம் என்று தெரிந்தவர்களுக்கு மட்டுமே வருகிற பயம்.

“தமிழ்லயே கேளு. பதில் சொல்லாம எங்க போயிடுவாளுங்க?” என்றாள். சொல்லும்போதே கண்ணில் நீர் பொங்கி வந்தது.

கண்டக்டர் விசில் ஊதினார். விரல்கள் பிரிந்தன. “போயிட்டு வரேம்மா!” என்ற குரல் புகையோடு கலந்து நகர்ந்து, வளைவில் திரும்பி மறைந்தது.

எதிர்ப்பக்கத்து வண்டியும் நகரத் தொடங்கியிருந்தது. அருள்மேரி செருப்புச் சத்தம் படபடக்க ஓடிப்போய்க் கம்பியைப் பிடித்து ஏறினாள். ஒரு நிமிஷம்கூடத் தாமதமாகக் கூடாது. மாதா பார்த்துக்கொண்டிருக்கிறாள்.